நாற்பத்து மூன்று

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கை தட்டுவேன்,
ஒரே ஒரு தட்டு.
பலர் திடுக்கிடுவார்கள்.
குன்வோர் ஹௌகே திடுக்கிடவில்லை.
"யாருக்குக் கைதட்டல்?" என்றார்.
சுவர்களுக்கு.
எதிரெதிரே நின்ற இரண்டு மொட்டைச் சுவர்கள்
என் தட்டலை வாங்கிப் பந்தாடி
சிர்ர்ர் என்று திருப்பித் தந்தன.

பெர்கனில் நவம்பர்.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.

வேனிலிருந்து இறக்கியவை:
முப்பத்தெட்டு கிலோ ஆம்ப்ளிஃபயர்,
என் தோளுயரம் ஸ்பீக்கர் இரண்டு,
முதலாளி ஆசையாய்க் கொடுத்தனுப்பிய ஒரு கேபிள்,
பாம்புச்சட்டை போல உறை,
விலை என் மூன்று மாத வாடகை.
குன்வோர் அதைத் தூக்கிப் பார்த்தார்.
"படகு கட்டலாம்" என்றார்.
"முப்பத்தொரு வருடம் ஃபெர்ரிக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தேன் தம்பி,
செம்பு செம்புதான்.
வேனில் வை."

கடையிலேயே நான் கவனித்தேன்.
ஐந்து ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்டார்.
மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள்.
இவர் ஸ்பீக்கரின் விலாவில்
காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தார்.
பிறகு கைப்பையிலிருந்து எட்டாய் மடித்த தாள் ஒன்று:
காது டாக்டர் வரைந்த கோடு.
நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை நடந்து வந்து
அங்கே மலைமுகட்டிலிருந்து குதித்துவிட்டது.
"வயலினின் மேல்பாதியை
நானே ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்வேன்,
அதற்குக் காசு வாங்காதே."

வைரத் தகடு வைத்த ட்வீட்டர்.
விற்றால் பதினொரு சதவீதம் எனக்கு.
சங்கு விற்பவனுக்குக்
காதைப் பற்றி என்ன கேள்வி?
ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை,
காலையில் வேறு ஜோடியை ஏற்றினேன்.
முதலாளியிடம் சொல்லவில்லை.

பக்கச் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டோம்.
புத்தக அலமாரியை நகர்த்தியபோது
பின்னாலிருந்து 1994 காலண்டரும்
ஒற்றைக் காலுறையும் கிடைத்தன.
தரையில் மஞ்சள் டேப்.
இடது ஸ்பீக்கர் இரண்டு விரற்கடை உள்ளே,
வலது ஒரு நூல் திரும்பி,
இல்லை, கொஞ்சம் பின்னே, ஆ, அங்கேதான்.
அதுவரை அலமாரிக்குள் முணுமுணுத்த பாடகி
இறங்கி வந்து
நடு அறையில் செருப்பில்லாமல் நின்றாள்.

தாழ்ந்த ஸ்தாயிதான் பிடி கொடுக்கவில்லை.
நட்டநடுவே போட்ட நாற்காலியில்
டபுள் பேஸ் காணாமலே போயிற்று.
பின்சுவரோரம் போனால்
அதே கருவி யானையாய் நின்றது.
மைக்கை நட்டு, லேப்டாப்பைத் திறந்து,
அடியிலிருந்து மேலே ஒரு ஊளையை ஓடவிட்டேன்.
திரையில் ஒற்றைக் குன்று, நாற்பத்து மூன்று ஹெர்ட்ஸ்.
"அறையின் நீளம் நாலு மீட்டர்.
சுவருக்கும் சுவருக்கும் நடக்கும் பேச்சு இது.
மூலைகளில் பஞ்சுத்தூண் இரண்டு நிறுத்தினால்..."

குன்வோர் கேட்கவில்லை.
காலுறைகளைக் கழற்றிவிட்டுப்
பின்சுவரோரம் பலகைத் தரையில் நின்றார்.
"இன்னொரு முறை. மெதுவாக."
ஊளை ஏறியது.
முப்பத்தைந்து. முப்பத்தொன்பது.
"நிறுத்து! அங்கேயே வை."
உதடு அசைந்தது, கணக்கு.
"ஆறு சிலிண்டர், நான்கு வீச்சு.
நிமிடத்துக்கு எண்ணூற்று அறுபது சுற்று."
அலமாரிக் கண்ணாடி நடுங்கிற்று.
"கரை தெரிந்ததும் மேலேயிருந்து மணியடிப்பார்கள்,
அப்போது இதற்குத்தான் இறக்குவேன்."

பஞ்சுத்தூண் வேண்டாமாம்.
நாற்காலியைத் தானே இழுத்துப்போய்ப்
பின்சுவரில் முட்டவிட்டார்,
நான் படித்த ஒவ்வொரு விதிக்கும் எதிராக.
ரசீதில் 'அறைத் திருத்தம்' என்று எழுதி
கொஞ்சம் யோசித்து
'பாதி' என்று சேர்த்தேன்.

திரும்பும் வழியில் வேன் கீக் கீக் என்று அலறிக்கொண்டே வந்தது.
பக்கத்து இருக்கையில் கேபிள்,
ஆளென்று நினைத்துவிட்டது போலும்.
ஓரம் கட்டி
அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன்.
மழைச் சத்தம் மட்டும்.